ஒக்கி புயல் போய் இத்தனை வருசம் ஆகியும் பயம் போகவில்லை: மூளை ஏற்பிகள் பற்றி ஒரு சந்தேகம்

குளச்சல்_வள்ளம் எழுதியது:

வணக்கம் மக்களே. இது என் அத்தானைப் பற்றியது. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது அத்தான் தங்கல் தொழிலுக்கு (நாள்கணக்கில் கடலிலேயே தங்கிப் பிடிப்பது) போயிருந்தார். எஞ்சின் நின்று, படகு கடைசியில் ஒதுங்கியது மகாராஷ்டிரா பக்கம். ஊருக்கு வந்து இறங்கியபோது ஆள் அசரவே இல்லை. காணாமல் போனவர்களின் வீடுகளுக்கு எல்லாம் அவரேதான் போய் ஆறுதல் சொன்னார். கிறிஸ்துமஸ் நெருங்கும்போதுதான் ஆரம்பித்தது. தூக்கம் இல்லை, கதவு காற்றில் அடித்தால் நெஞ்சு படபடப்பு, வியர்வை. பிறகு குறைந்தது, திரும்ப வந்தது. இப்போதும் கார்த்திகையில் காற்று திரும்பினால் ராத்திரி முழுக்க முற்றத்தில்தான் நிற்பார். தங்கலுக்குப் போவதை விட்டுவிட்டார், கரையில் நின்று வலை இழுக்கிற கரைமடியோடு சரி.

போன மாதம் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் போனோம். "மூளையில் உள்ள ஏற்பிகளின் வேலை மாறியிருக்கிறது, அதனால்தான் பயம் நீடிக்கிறது" என்று சொல்லி மாத்திரை எழுதினார். கூட்டம் அதிகம், மேற்கொண்டு கேட்க முடியவில்லை. வெளியே வந்ததும் அத்தான் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அப்போ எனக்க மூளை கெட்டுப்போச்சா?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரே ஒரு ராத்திரி நடந்தது இத்தனை வருசம் எப்படி நிற்கும்? ஏற்பி என்றால் என்ன, அது மாறினால் திரும்ப மாறுமா?

பூதப்பாண்டி_பெரியவர் எழுதியது:

தம்பி, கோபப்படாமல் கேளுங்கள். 2004 சுனாமியில் குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்தவன். அப்போது யாரும் ஏற்பி என்று சொல்லவில்லை. அழுதார்கள், பிள்ளை குட்டிகளைப் பார்த்தார்கள், திரும்பவும் கடலுக்குப் போனார்கள். உங்கள் அத்தான் வந்து இறங்கியபோது நன்றாக இருந்தார் என்று நீங்களே சொல்கிறீர்கள். அடிபட்டால் அன்றைக்கே வலிக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து வலிக்கிறது என்றால் அது அடியால் வந்தது இல்லை, யோசித்து யோசித்து வந்தது. மாத்திரையை விட வேலை நல்ல மருந்து.

வேளிமலை எழுதியது:

பெரியவரே, நீங்கள் கேட்டதுதான் இதில் சரியான கேள்வி, ஆனால் பதில் நீங்கள் நினைக்கிற பக்கம் இல்லை. (நான் பெங்களூரில் நரம்பியல் ஆய்வு மாணவி, சொந்த ஊர் தக்கலை பக்கம். டாக்டர் இல்லை, அதனால் மருந்து பற்றிக் கேட்காதீர்கள்.)

"முதலில் நன்றாக இருந்தவனுக்குப் பிறகு எப்படி வரும்" என்பதை பெங்களூர் என்சிபிஎஸ் என்ற உயிரியல் ஆய்வு நிறுவனத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு எலிகளை வைத்துப் பார்த்தது. எலியை ஒரே ஒரு தடவை, இரண்டு மணி நேரம், அசைய முடியாமல் பிடித்து வைத்தார்கள். மறுநாள் பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. பத்தாவது நாள் பார்த்தபோது, பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதியில் நரம்பு செல்களின் கிளைகளில் புது முட்கள் கூடியிருந்தன. முள் என்பது ஒரு செல் இன்னொரு செல்லிடம் சேதி வாங்கும் நுனி. அது கூடினால் அமிக்டலாவுக்குள் வரும் சேதியும் கூடும். எலியும் திறந்த இடத்துக்கு வரத் தயங்கியது. 2005-இல் வந்த ஆய்வு இது. பத்து நாள் என்பது எலியின் கணக்கு, அதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. ஆனால் பயம் தாமதமாக வரலாம், அதற்கு உடம்பில் ஒரு காரணம் இருக்கலாம் என்பது அதில் தெரிகிறது.

இனி ஏற்பி. பெரும்பாலும் செல்லின் மேல்சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம்தான் அது, சில வகை செல்லுக்குள்ளேயே இருக்கும். வெளியிலிருந்து ஒரு ரசாயனம் வந்து ஒட்டினால் அதன் வடிவம் மாறி, செல்லுக்குள் ஏதோ ஒன்று நடக்கும். பயம் பதிகிற விஷயத்தில் முக்கியமானது என்எம்டிஏ ஏற்பி. குளூட்டமேட் என்ற ரசாயனம் வந்து ஒட்டினால் மட்டும் இது திறக்காது, ஏனென்றால் அதன் வழியை ஒரு மெக்னீசியம் அயனி அடைத்திருக்கும். அந்தச் செல்லும் அதே நேரத்தில் கிளர்ந்து நின்றால்தான் மெக்னீசியம் விலகும், கால்சியம் உள்ளே பாயும். கால்சியம் போனால் அந்த இணைப்பு பலப்படும். ஒரு சத்தமும் உயிர் போகிற பயமும் ஒரே நொடியில் வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்வது இப்படித்தான். அத்தானுக்குக் காற்றுச் சத்தம்.

அதே குழு 2016-இல் இன்னொன்று செய்தது. எலியைப் பிடித்து வைத்த அந்த இரண்டு மணி நேரம் மட்டும் அமிக்டலாவில் என்எம்டிஏ ஏற்பிகளை மருந்தால் அடைத்தார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் புது முட்கள் கூடவில்லை. அதாவது முடிவு அந்த இரண்டு மணி நேரத்திலேயே ஆகிவிடுகிறது, கட்டுமானம்தான் பின்னால் மெதுவாக நடக்கிறது. "யோசித்து யோசித்து வந்தது" என்று நீங்கள் சொல்வதை இதனால்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எலிக்கு உட்கார்ந்து யோசிக்கத் தெரியாது. நிவாரணமும் அதற்குக் கிடைக்காது.

பூதப்பாண்டி_பெரியவர் எழுதியது:

நிவாரணம் என்று நான் சொல்லவே இல்லை.

வேளிமலை எழுதியது:

நீங்கள் சொல்லவில்லை பெரியவரே. "நிவாரணத்துக்காக நடிக்கிறார்கள்" என்று 2018-இல் ஊரில் நிறையப் பேர் சொன்னார்கள், அந்தக் கோபத்தில் எழுதிவிட்டேன்.

குளச்சல்_வள்ளம் எழுதியது:

உண்மைதான், எங்கள் காதிலும் விழுந்தது. தங்கச்சி, ஒன்று கேட்கட்டும். அந்த எலிகளுக்கு அது தானாகக் குறைந்ததா?

வேளிமலை எழுதியது:

ஒரு தடவை இல்லாமல் தினமும் இரண்டு மணி நேரம், பத்து நாள் பிடித்து வைத்த எலிகளில் அதைப் பார்த்திருக்கிறார்கள், அண்ணே. நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகேம்பஸில் செல்களின் கிளைகள் சுருங்கின. அமிக்டலாவில் அதற்கு நேர் எதிராகக் கிளைகள் வளர்ந்தன. பிறகு 21 நாள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் விட்டார்கள். ஹிப்போகேம்பஸ் பழையபடி ஆகிவிட்டது. அமிக்டலா ஆகவில்லை, பயமும் குறையவில்லை.

அதனால் "காலம் ஆற்றும்" என்பது மூளையின் எல்லாப் பகுதிக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. ஆனால் கெட்டுப்போவது என்றால் செல் சாவது. இங்கே செல் நன்றாக வேலை செய்கிறது, தேவைக்கு மேல் வேலை செய்கிறது. அத்தான் கேட்டதற்கு என் பதில் இதுதான்.

மணக்குடி_அக்கா எழுதியது:

மேலே பெரியவர் மணக்குடி என்று எழுதியதால் சொல்கிறேன். எங்கள் பாலமே போன நாள் அது. திரும்பவும் கடலுக்குப் போனார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். போனார்கள், வயிறு இருக்கிறதே. போனவர்களில் எத்தனை பேர் ராத்திரி தூங்கினார்கள் என்று அவர்கள் வீட்டுப் பெண்களிடம் யாரும் கேட்கவில்லை. எங்கள் அப்பா சாகும்வரை கடல் பக்கம் தலை வைத்துப் படுத்தது இல்லை. டாக்டரிடமும் போனது இல்லை, சாராயத்திடம் போனார்.

இன்னொன்று. சுனாமி முடிந்த கையோடு எங்களை வட்டமாக உட்கார வைத்து "நடந்ததை எல்லாம் சொல்லுங்கள், சொன்னால் லேசாகும்" என்று வற்புறுத்தினார்கள். சிலருக்கு அன்றைக்குத்தான் தூக்கம் போயிற்று.

வேளிமலை எழுதியது:

அக்கா, அப்படி எல்லோரையும் உடனே உட்கார வைத்துச் சொல்ல வைப்பதை இப்போது உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது. பேச விரும்புகிறவர் பேசலாம், கட்டாயப்படுத்தக் கூடாது.

கார்ட்டிசால் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யூடியூபில் பாதிப் பேர் "ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கூடிவிட்டது, அதைக் குறையுங்கள்" என்று ஏதோ பொடி விற்கிறார்கள். கதை அவ்வளவு நேராக இல்லை. பயம் வந்ததும் மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் அதற்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும், பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனலுக்குச் சொல்லும், கார்ட்டிசால் இரத்தத்தில் கலக்கும். மூளையில் அதற்கு இரண்டு வகை ஏற்பிகள். ஒரு வகை, கார்ட்டிசால் கொஞ்சமாக இருக்கும்போதே பிடித்துக்கொள்ளும். இன்னொரு வகையான ஜிஆர், அளவு ஏறினால்தான் நிரம்பும். அது நிரம்பினால் "போதும், நிறுத்து" என்ற சேதி மேலே போகும். மாடித் தொட்டியில் மிதவை எழும்பினால் மோட்டார் தானாக நிற்குமே, அந்த வேலை.

இப்போது புதிர். வியட்நாம் போரிலிருந்து வந்த அமெரிக்க வீரர்களில் நீடித்த பயம் உள்ளவர்களைச் சோதித்தபோது பல ஆய்வுகளில் கார்ட்டிசால் கூடுதலாக இல்லை, குறைவாக இருந்தது. ரேச்சல் யெஹூதா என்ற ஆய்வாளர் இதை வருடக்கணக்காகத் தொடர்ந்தார். அவர் காட்டியது, இவர்களுக்கு ஜிஆர் ஏற்பி அளவுக்கு மீறி உணர்ச்சியோடு இருக்கிறது, மிதவை கொஞ்சம் தண்ணீரிலேயே எழும்பிவிடுகிறது. கார்ட்டிசால் சீக்கிரம் நின்றுவிட, அதோடு சேர்ந்து அடங்க வேண்டிய நார்அட்ரினலின் (நெஞ்சைப் படபடக்க வைக்கிற ரசாயனம்) அடங்காமல் ஓடுகிறது. எல்லா ஆய்விலும் இப்படி வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2012-இல் சட்டர்ஜி குழுவும் எலிகளில் பார்த்தது: பயமுறுத்தும் நேரத்தில் உடம்பில் அந்த ஹார்மோன் கூடுதலாக இருந்த எலிகளுக்குப் பின்னால் அமிக்டலா மாற்றம் வரவில்லை.

அதற்காக யாரும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தேடிப் போய்விடாதீர்கள், தயவுசெய்து.

மார்த்தாண்டம்_மெடிக்கல்ஸ் எழுதியது:

நல்ல வேளை கடைசி வரியை எழுதினீர்கள். நாளைக்கே கடைக்கு ஆள் வந்திருக்கும்.

மருந்துக்கடைப் பக்கமிருந்து என் பங்கு. "தூக்க மாத்திரை ஒரு பட்டை கொடுங்க" என்று வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் அல்பிரசோலம், டயசிபாம் வகை. இவை வேலை செய்வது காபா ஏற்பியில். காபா மூளையை அடக்குகிற ரசாயனம், இந்த மாத்திரை அதன் கையைப் பலப்படுத்தும். அரை மணியில் படபடப்பு அடங்கும், அதனால்தான் ஆபத்து. தினமும் எடுத்தால் ஏற்பி பழகிப்போகும், அதே அளவு பிறகு போதாது, திடீரென்று நிறுத்தினால் பயம் முன்பைவிடக் கூடி வரும், சிலருக்கு வலிப்பே வரும். பெரிய அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் இந்த வகையைக் கொடுக்கவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வழிகாட்டியது. நம் ஊரில் நடப்பது நேர் எதிர். சாவு வீட்டில் முதலில் கேட்பதே இதைத்தான்.

இவை எச்1 அட்டவணை மருந்துகள். சீட்டு இல்லாமல் தரக்கூடாது, சீட்டோடு தந்தாலும் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைக்க வேண்டும். "அண்ணாச்சி, தெரிஞ்ச ஆளுதானே" என்று என்னிடம் வராதீர்கள்.

பால்வெட்டு_குலசேகரம் எழுதியது:

மலையோரத்து ஆள் நான். ஒக்கியில் எங்களுக்கு ரப்பரும் வாழையும் போயிற்று, உயிர் போகவில்லை. அதனால் கடற்கரைக்காரர்களோடு ஒப்பிட வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அந்த ராத்திரி மரம் முறிந்த சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. மணக்குடி அக்கா சாராயம் என்று எழுதியதைப் பார்த்துத்தான் கேட்கிறேன். ரெண்டு பெக் போட்டால் எனக்குப் படபடப்பு நன்றாகவே அடங்குகிறது, மறுநாள் காலையில்தான் கூடுகிறது. அதுவும் இந்த ஏற்பி சமாச்சாரம்தானா?

மார்த்தாண்டம்_மெடிக்கல்ஸ் எழுதியது:

அதே சமாச்சாரம்தான். மது காபா ஏற்பியைத் தூண்டும், வேளிமலை சொன்ன என்எம்டிஏ ஏற்பியை அமுக்கும். ரெண்டு பக்கமும் அடக்குவதால் சுகமாக இருக்கும். தொடர்ந்து குடித்தால் மூளை சமன் செய்யப் பார்க்கும், காபா பக்கம் மந்தமாகும், என்எம்டிஏ பக்கம் கூடும். காலையில் மது இறங்கியதும் அடக்க ஆள் இல்லாமல் தூண்டுகிற பக்கம் மட்டும் நிற்கும். கை நடுங்குவதும் நெஞ்சு அடிப்பதும் அதனால்தான். தினமும் நிறையக் குடிக்கிறவர் என்றால் ஒரே நாளில் சுயமாக நிறுத்தாதீர்கள், டாக்டர் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். தூக்க மாத்திரையும் மதுவும் சேர்த்தால் மூச்சே அடங்கிவிடும், இதை எல்லோருமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பூதப்பாண்டி_பெரியவர் எழுதியது:

எலி, காபா எல்லாம் படித்தேன். எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஒரு படகில் பத்துப் பன்னிரண்டு பேர் போகிறார்கள். எல்லோருக்கும் அதே அலை, அதே காற்று, அதே ஏற்பி. ஒருவனுக்கு மட்டும் வருகிறது, மற்றவன் அடுத்த மாதமே வலை பின்னுகிறான். அப்போது அது மனோதிடம் இல்லாமல் வேறு என்ன?

வேளிமலை எழுதியது:

"அதே ஏற்பி" என்பதுதான் சரியில்லை பெரியவரே. ஜிஆர் ஏற்பியோடு ஒட்டிக்கொண்டு அதன் பிடியைத் தளர்த்துகிற எஃப்கேபிபி5 என்று ஒரு புரதம் உண்டு. அதற்கான மரபணு ஆளுக்கு ஆள் கொஞ்சம் வேறுபடும். 2008-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது: சின்ன வயதில் கொடுமைக்கு ஆளாகி, இந்த மரபணுவில் குறிப்பிட்ட வகையும் இருந்தவர்களுக்குப் பெரியவர்களானபின் அதிர்ச்சியின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. அந்த மரபணு மட்டும் தனியாக அப்படிச் செய்யவில்லை. தாய் எலி குட்டியை எவ்வளவு நக்கி வளர்க்கிறது என்பதைப் பொறுத்துக் குட்டியின் ஹிப்போகேம்பஸில் ஜிஆர் அளவே மாறும் என்று கனடாவில் மைக்கேல் மீனியின் குழு 2004-இல் காட்டியது. ஒருவர் படகில் ஏறும்போதே எந்த ஏற்பிகளோடு ஏறுகிறார் என்பது அவர் கையில் இல்லை.

இதைவிட எனக்குப் பிடித்த ஆய்வு 2002-இல் வந்தது. ஒரே கருவில் பிறந்த இரட்டையர், ஒருவர் வியட்நாம் போருக்குப் போனவர், மற்றவர் போகாதவர். போனவருக்குக் கடுமையான அறிகுறிகள் இருந்தால் அவருக்கு ஹிப்போகேம்பஸ் சிறிதாக இருந்தது. வீட்டிலேயே இருந்த சகோதரருக்கும் அதே போலச் சிறிதாகத்தான் இருந்தது. அதாவது அந்தச் சிறிய அளவில் ஒரு பங்காவது போரால் வந்தது இல்லை, முன்பே இருந்தது.

மனோதிடம் என்று நீங்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி அமிக்டலாவை அடக்குகிறது. ஆனால் நார்அட்ரினலின் வெள்ளமாக வரும்போது முதலில் தளர்வதே அந்த முன்பகுதிதான்.

பூதப்பாண்டி_பெரியவர் எழுதியது:

சரி, நீங்கள் படித்தவர்கள். வேலை நல்ல மருந்து என்பதை நான் விட மாட்டேன்.

குளச்சல்_வள்ளம் எழுதியது:

அத்தானிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். எலி விஷயத்தில் சிரித்துவிட்டார். "மூளை கெடல, கூடுதலா வேலை செய்யுது" என்பதை அக்காவிடம் ரெண்டு தடவை சொன்னார். அவர் கேட்கச் சொன்னது: அமிக்டலாவில் பதிந்ததை அழிக்க ஊசி ஏதாவது உண்டா? கடலுக்குத் திரும்பப் போகலாமா?

வேளிமலை எழுதியது:

அழிக்கிற ஊசி இல்லை அண்ணே. முயற்சிகள் நடந்தன, நிறையத் தோற்றன. பயத்தைத் தொடங்கி வைக்கும் சிஆர்எஃப் ஹார்மோனை 1981-இல் வைலி வேல் குழு கண்டுபிடித்தது. அதன் ஏற்பியை அடைத்தால் எலிக்குப் பயம் குறைந்தது, பெரிய நம்பிக்கை இருந்தது, மனிதருக்குக் கொடுத்த சோதனைகளில் எதிர்பார்த்த பலன் வரவில்லை. கெட்ட கனவுக்கு, நார்அட்ரினலின் ஒட்டுகிற ஆல்ஃபா ஏற்பியை அடைக்கும் பிரசோசின் மாத்திரை முதலில் நன்றாக வேலை செய்வதாகத் தெரிந்தது, 2018-இல் 304 முன்னாள் வீரர்களிடம் செய்த பெரிய சோதனையில் வெற்று மாத்திரையை விட மேலாக இல்லை. எங்கள் துறையின் சுயதம்பட்டத்தை நம்பாதீர்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஆனால் பாதுகாப்பையும் மூளை கற்றுக்கொள்ளும், அதற்கும் அதே என்எம்டிஏ ஏற்பிதான் வேண்டும். காற்றுச் சத்தம் கேட்கிறது, ஒன்றும் ஆகவில்லை என்பது பல தடவை நடந்தால் புதிய இணைப்பு ஒன்று உருவாகி பழையதை அமுக்கும். பழையது அழியாது, அதனால்தான் கார்த்திகையில் திரும்பத் தலைகாட்டுகிறது. பயிற்சி பெற்ற மனநல நிபுணரோடு இதைப் படிப்படியாகச் செய்கிற சிகிச்சை இருக்கிறது, நீடித்த பயத்துக்கு அதிக ஆதாரம் உள்ளவற்றில் அதுவும் ஒன்று. முதலில் பேச்சில், பிறகு கரையில், பிறகு நங்கூரமிட்ட வள்ளத்தில், பிறகு கண்ணுக்குக் கரை தெரிகிற தூரத்தில். எடுத்த எடுப்பில் தங்கலுக்குத் தள்ளிவிட்டால் பயம்தான் மேலும் பலப்படும். பெரியவர் சொன்ன "வேலை" இந்த வரிசையில் வந்தால் நானும் ஒத்துக்கொள்கிறேன்.

மணக்குடி_அக்கா எழுதியது:

நங்கூரமிட்ட வள்ளம் வரைக்கும் எங்கள் தெருப் பிள்ளைகளே கூட்டிப் போவார்கள் தம்பி, வந்தால் சொல்லுங்கள். எங்கள் காயல் பக்கம் அலையே இருக்காது.

மார்த்தாண்டம்_மெடிக்கல்ஸ் எழுதியது:

அத்தானுக்கு எழுதிய மாத்திரையின் பெயரை இங்கே போட வேண்டாம். செர்ட்ராலின் வகை என்றால் பொதுவாகச் சொல்கிறேன்: மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் அன்றைக்கே கூடும், ஏற்பிகள் அதற்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொள்ள வாரங்கள் ஆகும். முதல் வாரம் வயிற்றுப் புரட்டலும் கொஞ்சம் கூடுதல் பதட்டமும் வரலாம். அதைப் பார்த்து "இது எனக்கு ஒத்துக்கல" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். ஒரு மாதம் பொறுங்கள், இடையில் தாங்க முடியாவிட்டால் டாக்டரைக் கூப்பிடுங்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காதீர்கள். 14416 டெலிமானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவு உண்டு.

பால்வெட்டு_குலசேகரம் எழுதியது:

அண்ணாச்சி, கடைசியாக ஒன்று. என் மச்சினன் படபடப்புக்கு ப்ரோப்ரனலால் சாப்பிடுகிறான், மிச்சம் ஒரு பட்டை இருக்கிறது, நெஞ்சடிப்பு உடனே நிற்கிறது என்கிறான். எனக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டான். எனக்கு வீசிங் உண்டு, இன்ஹேலர் அடிக்கிறேன்.

மார்த்தாண்டம்_மெடிக்கல்ஸ் எழுதியது:

தொடவே தொடாதீர்கள். அது பீட்டா ஏற்பியை அடைக்கிற மருந்து. நெஞ்சில் இருக்கிற பீட்டா ஏற்பியை மட்டும் அடைத்துவிட்டு நிற்காது, நுரையீரலில் மூச்சுக்குழாயை விரித்து வைக்கிற ஏற்பியையும் அடைத்துவிடும். உங்கள் இன்ஹேலர் வேலை செய்வதே அந்த ஏற்பியில்தான், அதனால் அவசரத்துக்கு அடித்தாலும் பிடிக்காது. டாக்டரிடம் போகும்போது வீசிங் இருப்பதையும் ரெண்டு பெக் விஷயத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பால்வெட்டு_குலசேகரம் எழுதியது:

ரெண்டு பெக்கைச் சொல்லத்தான் வேணுமா? டாக்டர் எங்கள் ஊர்க்காரர்.

மார்த்தாண்டம்_மெடிக்கல்ஸ் எழுதியது:

அப்படியென்றால் வேறு ஊர் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள்.